நூல் விலைக்கு முன்னே நாலு வார்த்தை

ஆரணிக்குப் பட்டு வாங்க வரும் வெளியூர்க்காரர்களில் ஒரு சாரார், கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விலையைக் கேட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கும் விலை சொல்லப்படுகிறது. அவர்களும் புடவை வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்லப்படும் விலையும், அதே பாயில் உட்கார்ந்து, மழை உண்டா என்று விசாரித்து, வீட்டுப் பெரியவர்களுடைய தேக சௌக்கியத்தைக் கேட்டு, கொடுத்த காப்பியைச் சாவதானமாகக் குடித்துவிட்டு, எழுந்திருக்கும் சமயத்தில் ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "ஆமா, அந்த மாம்பழக் கலர் என்ன வெலை போட்டிருக்கீங்க?" என்று கேட்பவருக்குச் சொல்லப்படும் விலையும் ஒன்றாக இருப்பதில்லை என்பது இவ்வூரில் யாருக்கும் ரகசியமன்று. பட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவன் என்று சீக்கிரமே தீர்மானிக்கப்பட்டு, கடையின் மூலையில் உட்கார்ந்து பிறர் பேச்சைக் கேட்பதையே உத்தியோகமாகக் கொண்டுவிட்டவன் நான். ஆகையால் நூல் விலையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாவிட்டாலும், நூல் விலைக்கு முன்னே பேசப்படும் அந்த நாலு வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

ஒரே பாஷையும் ஒரே பழக்க வழக்கமும் உடையவர்களுக்குள் இந்த நாலு வார்த்தை நிகழும்போது அதில் கவனிக்கத்தக்க விசேஷம் அதிகமில்லை. கேட்பவருக்கும் பதில் தெரியும், சொல்பவருக்கும் கேள்வி தெரியும். ஆரணி அப்படி ஒரே மாதிரியான மனிதர்கள் வாழும் ஊராக என்றுமே இருந்ததில்லை. 17ஆம் நூற்றாண்டில், சிவாஜியின் தந்தையான ஷாஹாஜியின் காலத்தில், வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராட்டியர் இதை ஜாகீராகப் பெற்றார். அவருடைய சந்ததியார் ஜாகீர்தார்களாக நெடுங்காலம் இங்கே இருந்தார்கள். 1751ஆம் வருஷம் டிசம்பரில் ராபர்ட் கிளைவின் சிப்பாய்களும் மராட்டியக் குதிரைப் படையும் ஒன்றுசேர்ந்து, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு வந்த ராஜா சாகிப்பின் படையை எதிர்த்துப் போரிட்டதும் இந்த ஆரணியில்தான். இன்றைக்கும் இவ்வூர்த் தெருக்களில் நடந்தால், வீட்டுக்குள் சௌராஷ்டிர பாஷையும் வாசலில் தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பங்களையும், தெலுங்கு பேசுகிறவர்களையும், உருது பேசும் முஸ்லிம்களையும், அடகுக் கடை வைத்திருக்கும் மார்வாரிகளையும், பூண்டி ஜினாலயத்துக்கும் திருமலைக்கும் போய் வருகிற தமிழ்ச் சமணர்களாகிய நயினார் குடும்பங்களையும் காணலாம். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் நூலோ கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஒரு புடவை தறியிலிருந்து இறங்குவதற்குள் நான்கைந்து பாஷைக்காரர்கள் ஒருவரையொருவர் சௌக்கியம் விசாரித்தாக வேண்டியிருக்கிறது.

இந்த விசாரிப்புகளில் மிகச் சாதாரணமானது மழையைப் பற்றியது. இரண்டு ஆங்கிலேயர் சந்தித்தால் முதலில் பேசுவது சீதோஷ்ணத்தைப் பற்றித்தான் என்று 1758இல் ஸாமுவேல் ஜான்ஸன் 'ஐட்லர்' கட்டுரையொன்றில் பரிகாசமாக எழுதினார். அன்று முதல் மழைப் பேச்சு என்றாலே விஷயமில்லாதவர்கள் பேசும் பேச்சு என்று உலகத்தில் ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டுவிட்டது. நெசவு ஊரில் அந்த அபிப்பிராயம் செல்லாது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டு, அறுந்த இழைகளைப் பிணைத்து, வெயில் ஏறுமுன் சுருட்டி எடுக்க வேண்டியவனுக்கு நாலு தூறல் விழுந்தாலும் ஒரு நாள் வேலை போயிற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியின் குழிக்குள் ஈரம் ஏறிவிட்டால் அப்புறம் தறியில் இறங்கிக் கால் வைப்பது எப்படி? ஆகவே ஆரணியில் ஒருவர் மற்றொருவரைப் பார்த்து "மழை எப்படி?" என்று கேட்டால், "உங்களுக்கு இந்த வாரம் கூலி கைக்கு வருமா?" என்று கேட்கிறார் என்றே கொள்ள வேண்டும். நேரே கூலியைக் கேட்பது மரியாதையன்று என்பதால் வானத்தின் மேல் பாரத்தைப் போட்டுக் கேட்கிறார். கேட்கப்பட்டவரும் வானத்தின் மேலேயே பாரத்தைப் போட்டுப் பதில் சொல்லித் தம்முடைய மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

மாலினோவ்ஸ்கி என்ற போலந்து தேசத்து மானிடவியல் அறிஞர், பசிபிக் சமுத்திரத்தின் டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி அந்த ஜனங்களின் வாழ்க்கையை ஆராய்ந்தவர், 1923இல் எழுதிய ஒரு கட்டுரையில் இத்தகைய பேச்சைப் பற்றிப் பிரஸ்தாபித்தார். எதிரே நிற்கும் அந்நியன் வாய் திறவாமல் இருப்பது மனிதனுக்கு அச்சத்தை விளைவிக்கிறது; அந்த அச்சத்தைப் போக்கி, 'நான் உனக்குப் பகைவன் அல்லன்' என்று உணர்த்துவதே குசலப் பேச்சின் காரியம்; அதில் வரும் சொற்களுக்கு என்ன பொருள் என்பது ஏறக்குறைய முக்கியமே இல்லை என்பது அவருடைய கட்சி. பெரியவர் சொன்னதில் முன்பாதியை ஒப்புக்கொள்ளத் தடையில்லை. பின்பாதியைத்தான் எங்கள் கடைப் பாயில் உட்கார்ந்து பார்த்தபின் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரே குலத்தார் கூடிப் பேசும்போது சொற்களுக்குப் பொருள் தேவையில்லாமல் இருக்கலாம். வேறு வேறு ஆசாரமுடையவர்கள் சந்திக்கும்போதோ, மிகச் சிறிய கேள்வியும் எங்கேனும் ஓரிடத்தில் இடறுகிறது. இடறிய இடத்தில்தான் எதிரே இருப்பவர் யார் என்பது முதன்முதலாகத் தெரியவருகிறது.

எங்கள் கடைக்குச் சூரத்திலிருந்து ஜரிகை கொண்டுவந்து கொடுக்கும் ஒரு குஜராத்தி வியாபாரி உண்டு. சேட்டு என்றே அவரை அழைப்பது வழக்கம். அவர் வந்து பழகிய ஆரம்ப காலத்தில் அவருக்கு வாய்த்த தமிழ் வியாபாரத்துக்கு வேண்டிய அளவு. என் தகப்பனாருக்கு வாய்த்த ஹிந்தி அதற்கும் குறைவு. "சௌக்யம்?" என்பார் அவர், "நல்லா இருக்கோம், வாங்க" என்பார் இவர். அதற்குமேல் பேச்சு ஓடாது. ஒரு நாள் விளக்கு வைத்த நேரத்தில் வந்தவருக்கு, எங்கள் வழக்கப்படி, சூடான உருளைக்கிழங்கு போண்டா தட்டில் வந்தது. அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டி, சரியில்லை என்று ஜாடை செய்து தட்டை நகர்த்திவிட்டார். அடுத்த தடவையும் அப்படியே நடந்தது. நம் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்கிறாரே, என்ன மேட்டிமை என்று என் தகப்பனாருக்கு மனத்தாங்கல். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு விஷயத்தை விளக்கியவர் பக்கத்து வீட்டு நயினார்: "அவரும் ஜைனர்தான், முதலியாரே. கிழங்கு ஆகாது, பொழுது சாய்ஞ்சா எதையும் வாயில வைக்க மாட்டார். எங்க வீட்டுல நீங்க ராத்திரி விருந்து சாப்பிட்டிருக்கீங்களா, யோசிச்சுப் பாருங்க!"

குஜராத்தி ஒருவரின் விரதத்தைத் தமிழ் முதலியாருக்குத் தமிழ்ச் சமணர் ஒருவர் எடுத்துச் சொன்ன அந்த விசித்திரத்துக்குப் பிறகு, எங்கள் வீட்டில் உபசாரக் கேள்வியே மாறிப்போயிற்று. தமிழ்நாட்டில் யாரைக் கண்டாலும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது சுவாசத்தைப் போன்ற பழக்கம். சேட்டிடம் மட்டும் என் தகப்பனார், "பொழுது இருக்கறப்பவே சாப்பிட்டீங்களா, சேட்டு?" என்று கேட்கத் தொடங்கினார். இரண்டு வார்த்தை கூடியது. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்ட அன்று சேட்டின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். ரம்ஜான் மாதத்தில் எங்கள் சாயப்பட்டறைக்காரரிடம் பகலில் சாப்பாட்டைப் பற்றி வாய் திறவாமல், மாலையில் நோன்புக் கஞ்சி ஆயிற்றா என்று கேட்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அவர் உண்ணாதிருப்பதை நாம் மறக்கவில்லை என்பதைச் சொல்ல வேறு பிரசங்கம் வேண்டியதில்லை.

கற்றுக்கொண்டவர்கள் ஒரு பக்கத்தார் மட்டும் அல்லர். என் பாட்டியார் காலமானபோது விசாரிக்க வந்த சேட்டு, சற்று நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்துவிட்டு, தமிழர் வீட்டில் விடைபெறும் முறை என்று தாம் நன்கு பயின்றிருந்தபடி, கை கூப்பி, "போயிட்டு வரேன்" என்று வாய் நிறையச் சொன்னார். கூடியிருந்த பெண்டுகள் திகைத்துப் போனார்கள்; துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதே முறை என்பது அவருக்கு யார் சொல்லித் தெரியும்? பிறகு யாரோ நயமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம் தெருவில் நேர்ந்த ஒரு சாவுக்கு அவர் வந்தபோது, கடைசியில் யாரையும் பாராமல் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போன விதத்தைப் பார்த்தவர்கள், இவர் சூரத்துக்காரர் என்றால் நம்பியிருக்க மாட்டார்கள். வியாபாரத்தைப் பற்றி விசாரிப்பதிலும் அவருக்கு இப்படியே பக்குவம் வந்தது. கல்யாணமில்லாத ஆடி மாதத்தில் பட்டுக்காரனிடம் வியாபாரம் எப்படி என்று கேட்பது புண்ணில் கோல் விடுவது போலாகும் என்பதை உணர்ந்துகொண்டு, ஆடியில் மட்டும் "எத்தனை தறி ஓடுது?" என்று கேட்பார். ஓடுகிற தறியின் கணக்கைச் சொல்லும்போது மனிதனுக்குக் கொஞ்சம் தெம்பு உண்டாகிறதல்லவா?

2020ஆம் வருஷம் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. கர்நாடகத்து நூலும் வரவில்லை, சூரத்து ஜரிகையும் வரவில்லை. ஜரிகை வராத ஒரு நாளில் ஜரிகைக்காரருடைய டெலிபோன் வந்தது. எத்தனை தறி ஓடுகிறது என்று கேட்க அப்போது அவருக்கு மனம் வரவில்லை. சிறிது தயங்கிவிட்டு, "வீட்ல அரிசி இருக்கா?" என்று கேட்டார். களம்பூரிலும் ஆரணியிலும் அரிசி ஆலைகள் நெருங்கி நிற்பதை நினைத்து என் தகப்பனார் உரக்கச் சிரித்து, "ஆரணிக்காரன்கிட்டயா அரிசி இருக்கான்னு கேக்கறீங்க, சேட்டு!" என்றார். சிரித்து முடித்த பிறகுதான், தறி ஒன்றும் ஓடவில்லை என்ற செய்தியை அவராகவே சொன்னார்.

மனிதர்களுடைய நட்பு மேற்பேச்சில் தொடங்கிப் படிப்படியாக அந்தரங்கத்தை நோக்கி ஆழ்ந்து செல்கிறது என்றும், ஒருவர் தம் உள்ளத்தைத் திறந்து காட்டுவதே அதன் முதிர்ச்சி என்றும் இர்வின் ஆல்ட்மன், டால்மஸ் டெய்லர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் 1973இல் ஒரு சித்தாந்தம் வகுத்தார்கள். என் தகப்பனாரும் சேட்டும் அந்தரங்கம் எதையும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. அவர் குடும்பத்துக் கவலைகள் இவருக்கும், இவர் மனக்குறைகள் அவருக்கும் தெரியாமலேயே இருந்திருக்கும். அவர்கள் கடைசிவரை பேசியது மழை, சாப்பாடு, தறி, ரயில் இவ்வளவுதான். ஆயினும் அதை ஆழமில்லாத சிநேகம் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். ஆரம்பத்தில் எவரிடமும் கேட்கக்கூடிய கேள்வியாக இருந்தது, நாளடைவில் அவர் ஒருவரிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியாகச் செதுக்கப்பட்டுவிட்டது. நாகரிகம் வேறுபட்டவர்களுக்குள் உறவு முதிர்வதற்கு இதுவே லக்ஷணம் என்று நான் எண்ணுகிறேன்: பேச்சு சிறியதாகவே இருக்கும், அது போய்ச் சேரும் இடம் மட்டும் வரவரத் துல்லியமாகிவிடும்.

இப்படிச் சொல்லும்போது, பயனில்லாத சொல்லை வள்ளுவர் கண்டித்திருக்கிறாரே என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம். கண்டித்திருக்கிறார், பயனில சொல்லாமை என்று 20ஆம் அதிகாரம் முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அதற்கு வெகு முன்னால், 9ஆம் அதிகாரமாக விருந்தோம்பலையும், அதை அடுத்து 10ஆம் அதிகாரமாக இனியவை கூறலையும் வைத்திருக்கிறார். விருந்தினன் வாசலுக்கு வந்தவுடன் இனிய சொல் வர வேண்டும் என்பது அந்த வைப்புமுறையிலேயே புலனாகிறது. வந்தவனுடைய மனநிலையைக் கவனியாமல் வாய்க்கு வந்ததைக் கொட்டுவது பயனில்சொல்; வந்தவனுக்கென்று தேர்ந்து சொல்வது, அது மழையைப் பற்றியதாயினும், இனிய சொல்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இவ்வூரில் புதிதாக வந்த ஒருவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்போம். அதற்குப் பதில் வந்தவுடன், "அங்க எந்தத் தெரு?" என்போம். முதற்கேள்வி குசலம், இரண்டாவது கேள்வியோ குசலத்தின் வேஷம் போட்ட ஜாதி விசாரணை. கேட்கிறவர் புன்னகையோடு கேட்கலாம். கேட்கப்படுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தப் புன்னகையின் பின்னால் இருப்பது என்னவென்று தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அதுபோலவே, கல்யாணமாகிவிட்டதா, குழந்தை எத்தனை, சம்பளம் என்ன என்பவற்றை நாம் பிரியத்தின் அடையாளமாகக் கேட்கிறோம். வெளிதேசத்திலிருந்து வந்தவருக்கு அவை தம் வீட்டுப் பெட்டியை அந்நியன் திறந்து பார்ப்பதாகத் தோன்றலாம். குழந்தையில்லாத நம் பெண்களுக்கே அவை எவ்வளவு வருத்தம் தருகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. பல வருஷம் நயமாகக் குசலம் விசாரித்துக்கொண்ட குடும்பங்களுக்குள் சம்பந்தம் செய்துகொள்ளும் பேச்சு எழுந்தால், அந்த நயமெல்லாம் ஒரே நாளில் எங்கே போகிறதென்று தெரியாது. குசலப் பேச்சு திண்ணையைப் போன்றது. யாரும் வந்து உட்காரலாம். உள்கட்டின் கதவைத் திறக்கும் சக்தி அதற்கு இல்லை.

ஆனால் திண்ணை இல்லாத தெருவில் நாடோடிகள் என்ன செய்வார்கள்? பட்டு நெசவாளர்களோ நாடோடிகளாகவே சரித்திரத்தில் தோன்றுகிறார்கள். மத்திய இந்தியாவில் மந்தஸோர் என்ற இடத்தில் குப்தர் காலத்துச் சமஸ்கிருதச் சாசனம் ஒன்று இருக்கிறது. வத்ஸபட்டி என்பவர் இயற்றியது. குஜராத்தின் லாட தேசத்திலிருந்து தசபுரம் என்ற அந்நகருக்குக் குடியேறிய பட்டு நெசவாளர் கூட்டம் 436ஆம் ஆண்டு வாக்கில் சூரியனுக்குக் கோயில் கட்டியதையும், பின்னர் 473இல் அதைப் புதுப்பித்ததையும் அது கூறுகிறது. அந்தக் கூட்டத்தாரில் சிலர் வில்வித்தை பயின்றார்கள், சிலர் ஜோதிஷம் கற்றார்கள், சிலர் விசித்திரமான கதைகளில் வல்லவர்களானார்கள் என்று வரிசையாகச் சொல்லி வரும் கவி, இன்னும் சிலர் கடுமையில்லாமல், பிரியமாகவும் ஹிதமாகவும் நிரம்பப் பேசக் கற்றிருந்தார்கள் என்பதையும் ஒரு சிறப்பாகச் சேர்த்திருக்கிறார். பிறர் ஊரில் போய்ப் பிழைக்க வேண்டிய ஜனங்களுக்கு வில்லுக்குச் சமமான வித்தை அது என்பதை அந்தக் கவி உணர்ந்திருக்க வேண்டும். நம் நாட்டுச் சௌராஷ்டிரர்களில் பலர் அந்த நெசவாளர்களையே தங்கள் முன்னோராகக் கருதுகிறார்கள். அவர்களுடைய கல்யாணங்களில் 'பௌலா' என்றொரு பழைய வழக்கம் இருந்தது. மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் எதிரெதிரே இருந்து, எங்கிருந்து வந்தோம், எவ்வழியாக வந்தோம் என்று தேவகிரி, விஜயநகரம் எல்லாம் கடந்து தெற்கே வந்த யாத்திரையைக் கேள்வியும் பதிலுமாகச் சொல்வார்கள். எந்த ஊர் என்ற கேள்வியைச் சந்தேகத்தின் ஆயுதமாக்காமல் ஒரு சடங்கின் மங்கலமாக்கிக்கொண்ட அந்த ஜனங்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

இப்போது எங்கள் கடையில் பாய் இருக்கிறது, உட்காருவோர் குறைவு. கலரும் டிசைனும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. விலையும் அதிலேயே போகிறது. காலையில் ஒரு ரோஜாப்பூப் படத்தை அனுப்பிவிட்டால் குசலம் முடிந்தது. இதைப் பற்றி அழுவதற்கு நான் தயாராக இல்லை. காலம் மாறினால் வியாபாரம் மாறும். எனக்கு உறுத்துவது வேறு. நூல்காரரையும் ஜரிகைக்காரரையும் நாம் இவ்வளவு நுட்பமாக விசாரித்ததில், அவர்களால் நமக்கு லாபம் உண்டு என்ற எண்ணமும் கலந்திருந்தது என்பதை மறுக்க முடியாது. லாபத்தைச் சிறிது கழித்துவிட்டுப் பார்த்தால் நம்முடைய குசல வித்தை எவ்வளவு மிஞ்சும்?

அதை அளந்து பார்க்கும் சந்தர்ப்பம் இன்றைக்கு நம் தெருவிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் கட்டட வேலையிலும் ஹோட்டல்களிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் உழைக்கிறார்கள். தோசை கொண்டுவந்து வைக்கும் அந்தப் பையனிடம் நாம் பேசும் வார்த்தைகள் "சட்னி", "பில்" என்ற இரண்டோடு நின்றுவிடுகின்றன. ஊர் எது என்று ஒருவேளை கேட்டாலும், பீகார் என்று அவன் சொன்னவுடன் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்து எழுந்துவிடுகிறோம். கன்யாகுமரிக்காரனிடம் தமிழ்நாடு என்ற பதிலோடு திருப்தியடைவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகையால் இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு சிறு விண்ணப்பம். அடுத்த முறை அந்தத் தம்பியிடம், எந்த ஜில்லா, பக்கத்தில் எந்த ஆறு ஓடுகிறது என்று கேளுங்கள். எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் பீகார்க்காரராக இருந்தால், சட் பூஜைக்கு ஊருக்குப் போகிறீர்களா, டிக்கெட் கிடைத்ததா என்று கேளுங்கள். நமக்குப் பொங்கல் எப்படியோ அப்படி அவர்களுக்கு அந்தப் பண்டிகை. அது தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வருகிறது. தீபாவளிக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது, ரயிலில் இடம் கிடைக்காது.